கட்டை எங்களுக்கு, நிழல் உனக்கு

மஞ்சனூத்து மலையின் தெற்குச் சரிவில் நின்ற மரங்களை எல்லாம் வெட்டி, கிளை கழித்து, சிலீப்பர் கட்டைக்காக மாட்டுவண்டிகளில் ஏற்றி, ரயில் பாதை போடுகிற இடத்துக்குக் கொண்டுபோன பிறகும் அவற்றின் நிழல்கள் போகவில்லை. கடைசி வண்டி இறங்கிய மறுநாள் ஆடு பத்திக்கொண்டு போனவர்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அலறிக்கொண்டு ஓடிவரவில்லை. ஆடுகளை நிழலில் மடக்கி, தாங்களும் தலைத்துண்டை விரித்துப் படுத்து, வெயில் தாழ எழுந்து வீட்டுக்கு வந்து, கஞ்சி குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், மரம் பூராவும் போயாச்சு, நிழல் அங்கனயே கெடக்கு என்று. கேட்டவர்களும், அப்படியா, நல்லதாப் போச்சு, நாளைக்கு எருமையையும் அங்கேயே பத்தலாம் என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் பூச்சி வாத்தியார் மலைக்கு வந்தார். அவர் பெயர் ஞானசிகாமணி. தாலுகா ஊர் ஹைஸ்கூலில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். துரைமார் துப்பாக்கியோடு மலையேறின அந்தக் காலத்தில், இவர் கொசுவலைத் துணியில் தைத்த ஒரு பையைக் கம்பில் கட்டிக்கொண்டு, செடிகளை அமுக்கி வைக்க ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் மஞ்சனூத்துக்கு நடந்து வருவார். எந்தப் பாறைக்கடியில் எந்தப் பெரணிச் செடி முளைக்கும், எந்த வண்டு எந்த மாதம் எந்தப் பட்டைக்குள் முட்டையிடும், எந்த மரம் எந்த ஆண்டு பூக்காமல் ஓய்வெடுக்கும் என்பதெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி தெரியும். தெற்குச் சரிவில் கோடாலி விழுந்த நாட்களில் அவர் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அத்தனை மைலுக்கு அப்பால் கேட்காது என்று தெரிந்தும், சுண்ணாம்புக்கட்டி கரும்பலகையில் படும் சத்தம் ஒவ்வொன்றும் அவருக்கு மரம் வெட்டுகிற சத்தமாகவே கேட்டது.

அழுவதற்குத் தயாராகத்தான் வந்தார். வந்து பார்த்தால், வெட்டிய அடிமர மூடுகள் வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்க, ஒவ்வொரு மூட்டிலிருந்தும் ஒரு முழு மரத்தின் நிழல் புறப்பட்டுத் தரையில் விரிந்து, இல்லாத காற்றில் அசைந்துகொண்டிருந்தது. வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இலை நிழலை வைத்தே இது நாங்கு, இது ஈட்டி, இது வேங்கை என்று அடையாளம் கண்டுகொண்டு, தெரிந்தவர்களைத் தொட்டுப் பேசுகிற மாதிரி குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டே நடந்தார். மேலே இருவாச்சி ஒன்று வந்தது. பெரிய அலகும் மஞ்சளும் கறுப்புமாக, காற்றை அறுக்கிற சிறகுச் சத்தத்தோடு வந்த அந்தப் பறவை, வழக்கமாக உட்காரும் கிளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பறவைக்கு உட்கார இடமில்லை. அதன் நிழலுக்கு இருந்தது. கீழே தரையில், கிளை நிழலின் மேல் இருவாச்சியின் நிழல் வந்து உட்கார்ந்து சிறகை மடக்கிக்கொள்ள, மேலே பறவை, நிழல் பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டு வடக்குச் சரிவைப் பார்த்துப் போயிற்று.

ஏன் இப்படி ஆனது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காடு யார் பேரிலும் பட்டா இல்லாத ஊர்ப்பொதுக் காடு. காட்டுச் சாஸ்தாவுக்குச் சொந்தம், ஊருக்கு அனுபோகம். கலப்பைக்கோ வீட்டு உத்திரத்துக்கோ ஒரு மரம் வேண்டுமென்றால் முதலில் மாடத்தியிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவள் குடும்பத்துக்குத்தான் சொல் சொல்லும் பாத்தியம். அவள் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து மரத்தின் மூட்டில் ஊற்றி, கட்டை எங்களுக்கு, நிழல் உனக்கு என்று சாஸ்தாவிடம் சொன்ன பிறகுதான் கோடாலி ஓங்கலாம். ஒரு மரத்துக்கு ஒரு சொல். ஒற்றை மரம் விழும்போது சுற்றி நிற்கிற மரங்களின் நிழலோடு அதன் நிழலும் கலந்துபோகும் என்பதால், சாஸ்தா தன் பங்கை வைத்துக்கொள்கிறாரா இல்லையா என்று அதுவரை யாரும் குனிந்து பார்த்ததில்லை. தெற்குச் சரிவை வெட்ட வந்தவர்கள் அவசரப்பட்டார்கள். மரத்துக்கு மரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அடுத்த மழை வந்துவிடும் என்றார்கள். நாட்டாமை சுடலையாண்டியும் தலையாட்டினார். மாடத்தி சரிவின் அடியில் நின்று, செம்புத் தண்ணீரை வீசித் தெளித்து, மொத்தக் காட்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிட்டாள். சாஸ்தாவும் மொத்தமாகவே வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த நிழல் ஊரோடு ஊராக ஆனது. நாவிதர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈட்டி நிழலுக்குப் போனார், நிழல் நகர நகர அவரும் நகர்ந்து, பாதிச் சவரம் ஓரிடத்திலும் மீதிச் சவரம் வேறோர் இடத்திலுமாக முடித்தார். சந்தை அங்கே மாறியது. மிளகாய் காயப்போட வந்த பெண்கள் மட்டும், இதென்ன மரமுமில்லாம வெயிலுமில்லாம என்று திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் பார்த்தார்கள். தொட்டில் கட்டலாம் என்று சேலையோடு வந்தவள் அண்ணாந்து பார்த்து, கொக்கி மாட்டக் கிளையில்லாமல் பிள்ளையை மடியிலேயே போட்டுக்கொண்டாள். மாசியில் அந்த நிழல்கள் இலை உதிர்த்தன. நிழலிலைகள் தரையில் சுழன்று சுழன்று விழுந்து, விழுந்த இடத்தில் ஈரம் காய்கிற மாதிரி மறைந்துபோயின. பங்குனியில் நிழல் பூத்தது, மணம் வரவில்லை. குரங்குகள் ஒருநாள் முழுக்க நிழற்கிளைகளைப் பிடிக்கத் தரையைப் பிராண்டிவிட்டு, கோபித்துக்கொண்டு போய்விட்டன. வரிவிதிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் நாட்டாமை, வரி போடுங்கய்யா, ஆனா முதல்ல அளந்து சொல்லுங்க, காலையில அது ஆத்துவரைக்கும் நீளுது, உச்சிக்கு என் வேட்டிக்குள்ள அடங்குது என்றார். இன்ஸ்பெக்டர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். வெளியூர்க்காரர்கள் வந்து மரம் எங்கே என்று வாயைப் பிளந்தால், வித்துட்டோம் என்று சாதாரணமாகப் பதில் வந்தது.

மரத்தை விற்றது பாலத்துக்காக. மலையடியில் ஓடுகிற ஆறு மழைக்காலத்தில் ஊரை ஒரு பக்கமாகப் பிடித்து நிறுத்திவிடும். வைத்தியர் அக்கரையில், மருத்துவச்சி அக்கரையில், சந்தைச் சாலை அக்கரையில். மாடத்தியின் தங்கை இசக்கி தலைப்பிரசவத்தில் துடித்தபோது ஆறு இறங்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தவர்கள் கரையிலேயே ஒரு குடிசையில் இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கும்போது கட்டிலில் உயிரில்லை. அதனால்தான் கண்ட்ராக்டர் ராமபத்திரன் வந்து, ரயிலுக்குக் கட்டை கொடுங்கள், ஆற்றுக்குக் கல்பாலம் கட்டித்தருகிறேன் என்றதும் ஊர் மறுபேச்சுப் பேசவில்லை. ராமபத்திரன் மோசமான மனிதர் இல்லை, கறாரான மனிதர். தெற்குச் சரிவுக்குப் பாதிப் பாலம் கட்டினார். அது ஆற்றின் நடுவரைக்கும் வந்து, கையை நீட்டிப் பாதியில் யோசிக்கிறவன் மாதிரி நின்றது. வடக்குச் சரிவையும் கொடுங்கள், மிச்சத்தையும் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நிழல் தங்கிவிட்டது தெரிந்ததும் ஊருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வெட்டினாலும் நிழல் இருக்கப்போகிறது, பிறகு நஷ்டம் என்ன என்று கேட்டார்கள். ஞானசிகாமணிக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். வடக்குச் சரிவும் போனால் இருவாச்சிக்கு அந்த மலையில் கிளை என்று ஒன்று இருக்காது. அவர் ஒரு வெள்ளை வேட்டியை நிழல்களின் மேல் விரித்துப் போட்டு, உட்கார்ந்து, மாதக்கணக்காகப் பார்த்தார். நிழலில் காய் காய்த்தது, பழுத்தது, விழுந்தது, ஆனால் விழுந்த இடத்தில் ஒரு கன்றின் நிழல்கூட எழவில்லை. மூடுகளைச் சுற்றி மண் குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்த மஞ்சள் பாறை ஊத்து கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, குடம் நிறைய ஒரு தாலாட்டு நேரம் பிடித்தது. இதையெல்லாம் அவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். நிழலுக்குப் பிள்ளை பிறக்காது என்றார். பின்னாலிருந்து யாரோ, வாத்தியாருக்கே இன்னும் பொறக்கல, அவரு நல்லாத்தானே இருக்காரு என்றார்கள், கூட்டம் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிற்று.

அதனால் அவர் சர்க்காருக்கு எழுதினார். இந்த மலையில் இன்னின்ன மரம், இன்னின்ன பறவை, உலகத்தில் வேறெங்கும் இல்லாத இன்ன பெரணி என்று எழுதி, காப்பாற்ற வேண்டும் என்று முடித்தார். எழுதி எழுதி, கடைசியில் பதில் வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் மலைக்கு ஓடிவந்து, சந்தை கூடியிருந்த நிழலின் நடுவே நின்று உரக்கப் படித்தார். வடக்குச் சரிவைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், சுற்றிக் கம்பிவேலி வரும், காவலுக்கு ஆள் வரும், மரம் வெட்டக்கூடாது. அதுவரைக்கும் நன்றாக இருந்தது. ஆடு மேய்க்கக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது, தேன் எடுக்கக்கூடாது, அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. படிக்கப் படிக்க அவர் குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது. தலை நிமிர்ந்தபோது முன்னால் இருந்த முகங்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பியிருந்தன.

மாடத்தி மட்டும் அவரை நேராகப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். பேசுகிறபோது கையை ஆட்டமாட்டாள். "வாத்தியாரய்யா, கண்ட்ராக்டர் மரத்தை எடுத்துட்டு நிழலையாவது விட்டுட்டுப் போனாரு. நீங்க மரம், நிழல், சாஸ்தா எல்லாத்தையும் சேத்துல்லா எடுக்கப் பாக்கிய."

அன்று மலையிறங்கும் வரைக்கும் யாரும் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. ஊர் அந்த வாரமே ராமபத்திரனுக்குச் சொல்லி அனுப்பியது, வடக்குச் சரிவில் வெட்டி விழுகிறதெல்லாம் உமக்கு, பாலத்தின் மிச்சம் எங்களுக்கு, சர்க்கார் வேலி போடும் முன்னால் வாரும் என்று. பேச்சு முடிந்தது. வாத்தியாரின் கடிதம்தான் கோடாலியை முன்கூட்டியே கூப்பிட்டது என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அடுத்த தடவை ஞானசிகாமணி வந்தபோது கையில் வலை இல்லை, செய்தித்தாள் இல்லை. நேரே மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்று, ஒரே ஒரு மரத்தைக் காட்ட வேண்டும், வாருங்கள் அக்கா என்றார். அவள் அரிவாளைச் செருகிக்கொண்டு, சுள்ளிக்குப் போகிற மாதிரி முன்னால் நடந்தாள். வடக்குச் சரிவின் உச்சியில் ஒரு கிழட்டுக் குங்கிலிய மரம். அதன் நடுமரத்தில் ஒரு பொந்து, பொந்தின் வாயை யாரோ சேறு பூசி அடைத்திருந்தார்கள், ஒரு விரல் நுழையும் இடுக்கு மட்டும் பாக்கி. இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காற்றை அறுத்துக்கொண்டு ஆண் இருவாச்சி வந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழம் ஒவ்வொன்றாகக் கக்கி, பெரிய அலகின் நுனியால் மிக மெதுவாக அந்த இடுக்கில் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது.

மாடத்தி பாறையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம், உள்ளே இருக்கிறது பெட்டையா என்று கேட்டாள். ஆமாம் என்றார். முட்டையிடப் போகும்போது தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும், சிறகை எல்லாம் உதிர்த்துவிடும், குஞ்சு வளரும்வரை வெளியே வர முடியாது, பறக்க முடியாது, இவன் ஊட்டினால்தான் உண்டு என்றார். மரத்தை வெட்டினால் என்று அவர் தொடங்கியதை அவள் கேட்கவில்லை.

"எந்தங்கச்சியும் இப்படித்தான் கெடந்தா," என்றாள். "வெளிய வர வழியில்லாம. அவ மாப்பிள்ள கதவிடுக்கு வழியா கருப்பட்டித் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தான். எறங்கிரும், எறங்கிரும்னு சொல்லிக்கிட்டே."

ஆண் பறவை மறுபடி பழம் தேடிப் போயிற்று. அவள் எழுந்து, குங்கிலிய மரத்தின் நிழலில் போய் நின்றுகொண்டாள்.

"எனக்குப் பாலமும் வேணும் தம்பி, இவளும் வேணும். நான் ஒரு வேலை செய்யப்போறேன், என்னன்னு கேக்காதிய. நீங்க ஒண்ணு செய்யணும். இந்த மலையைப் பத்தி இனிச் சர்க்காருட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு இந்த நிழல்ல நின்னு சொல்லணும்."

அவளுடைய வாயில் தம்பி என்ற சொல்லை அவர் முதல்முறையாகக் கேட்டார். கண்ணுக்கு முன்னால் அத்தனை வருடங்கள் மலையைப் பற்றி எழுதி வைத்தது எல்லாம் வந்துபோயிற்று. பெரணியின் பெயர் தன் பெயரோடு சேர்ந்து எங்கேயாவது அச்சாகும் என்று ரகசியமாக வைத்திருந்த ஆசையும் வந்துபோயிற்று. நிழலுக்குள் காலெடுத்து வைத்து, பேசமாட்டேன் என்றார்.

வெட்டுகிற நாள் வந்தது. ஊர் முழுக்க வடக்குச் சரிவின் அடியில் கூடி நின்றது. ராமபத்திரன் குடையின் கீழ் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோடாலிக்காரர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார்கள். வாத்தியார் உச்சிக்குப் போய்விட்டார். மாடத்தி என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாததால், தனக்குத் தெரிந்த ஒன்றை, ஒன்றுக்கும் உதவாத அந்த ஒன்றை, அவர் செய்தார். குங்கிலிய மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார். பட்டைக்கு உள்ளே, அவருடைய தலைக்கு மேலே எங்கோ, ஏதோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

கீழே மாடத்தி செம்பை எடுத்தாள். தண்ணீரை வீசித் தெளித்தாள். அவள் சொன்னது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"நிழல் எங்களுக்கு, கட்டை உனக்கு."

நாட்டாமை சுடலையாண்டி, ஏ மாடத்தி, சொல்லு பொரண்டுபோச்சு, திருப்பிச் சொல்லு என்றார். அவள் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். சாஸ்தா முன்னால் போட்ட சொல்லைத் திருப்பி அள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும். ராமபத்திரனுக்கு இதெல்லாம் புரியவில்லை, அவர் கையசைத்தார், கோடாலிகள் ஓங்கின.

முதல் மரத்தில் கோடாலி இறங்கியபோது தண்ணீரில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பட்டையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் மூட்டிலிருந்து நிழல் அறுந்து, மெல்லத் தளர்ந்து, ஈரச் சேலை கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி சரிவில் வழிந்து கீழே வந்து கிடந்தது. மரம் அப்படியே நின்றது, நிழலில்லாமல், எல்லா இலையிலும் வெயில் பட்டுக்கொண்டு. கோடாலிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டு என்றால் வெட்டுவதுதான் அவர்கள் தொழில், அதனால் அடுத்த மரத்துக்குப் போனார்கள். நாங்கு நிழல் கனத்து விழுந்தது, மூங்கில் நிழல் சலசலத்து விழுந்தது, ஈட்டி நிழல் விழுந்தபோது அதிலிருந்த கூட்டின் நிழலும் கூடவே வந்தது. சரிவு முழுக்க வெளிச்சம் ஏறிக்கொண்டே போய், உச்சியில் குங்கிலிய மரத்தை எட்டியது. விலகும் அய்யா என்றார்கள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இறுக்கினார். சரி, மரத்துக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, ஆளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒருவன் பக்கவாட்டில் நின்று ஓங்கினான். கடற்கரையில் அலை திரும்பும்போது உள்ளங்காலுக்கு அடியில் மணல் நழுவுமே, அதுபோல ஒன்று நழுவியது. கண் திறந்து பார்த்தபோது மரமும் அவரும் வெயிலில் நின்றார்கள், இரண்டு பேருக்கும் காலடியில் ஒன்றுமில்லை. சரிவில் ஒரு மரத்தின் நிழல் வழிந்து போய்க்கொண்டிருந்தது, அதைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஆளின் நிழலும்.

ராமபத்திரன் முக்காலியை விட்டு எழுந்தார். குவிந்து கிடந்த நிழல்களைக் குடையின் நுனியால் புரட்டிப் பார்த்தார். வெட்டி விழுகிறது என்னுடையது என்றுதானே பேச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏத்துங்கடா என்றார். வண்டிகளில் ஏற்றினார்கள், பாரமே இல்லாததால் மாடுகள் திகைத்துப்போய் கன்றுக்குட்டிகள் மாதிரி துள்ளிக்கொண்டு இறங்கின. பாலத்துக்கு ஒரு கல் வைக்கமாட்டேன் என்று அவர் திரும்பி நடந்தபோது மாடத்தி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"முழு அகலம் வேண்டாம் முதலாளி. ஒரு கட்டில் போற அகலம் போதும்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு வண்டிகளின் பின்னால் போய்விட்டார். சமவெளியில், கரிசல் வெயிலில், தண்டவாளம் போடுகிற ஆட்கள் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில் வேறு வழியில்லாமல் அந்த நிழல்களை இறக்கி விரித்திருக்கிறார். விரித்த இடத்தில் குளிர்ந்ததும் ஆட்கள் எழுந்து வேலை பார்த்திருக்கிறார்கள். பாதை சொன்ன தவணைக்குள் முடிந்திருக்கிறது. கறாரான மனிதர் என்று முன்னமே சொன்னோமே, ஆவணி பிறக்கும் முன்னால் கொத்தனார்கள் மஞ்சனூத்துக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பாலம் பாதிவரை வண்டி போகிற அகலத்திலும், பாதியிலிருந்து ஒரு கட்டில் போகிற அகலத்திலும் இருக்கிறது. அந்த மழைக்காலத்தில் அதன்மேல் முதலில் போனது ஒரு தலைப்பிரசவக்காரியின் கட்டில். முன்கால் பக்கம் தூக்கியவள் மாடத்தி.

சர்க்கார் அதிகாரி ஒருவர் வேலி போட இடம் பார்க்க வரத்தான் செய்தார். ஒரு பக்கம் மரமில்லாத நிழல், இன்னொரு பக்கம் நிழலில்லாத மரம். இதில் எதைக் காடு என்று எழுதுவது என்று அவருக்கு விளங்கவில்லை. எழுதிப்போட்ட வாத்தியாரையே கேட்போம் என்று ஞானசிகாமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஞானசிகாமணி வெயிலில் நின்றுகொண்டு, நான் பூச்சி பார்க்க வந்தவன் என்றார். அவர் காலடியைப் பார்த்த அதிகாரி குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாஸ்தாவின் சொல்லைப் புரட்டியதற்கு மாடத்தியை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசிப்பார்த்தது. பேச்சு நீண்டு நீண்டு கடைசியில் ஒரு கட்டுப்பாடாக முடிந்தது: இனி மொத்தமாகச் சொல் சொல்லக்கூடாது, ஒரு மரத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு செம்பு, செம்பை ஊத்திலிருந்துதான் நிரப்ப வேண்டும். ஊத்து மெலிந்திருந்ததால் செம்பு நிறைவதற்குள் பல பேருக்கு மரமே வேண்டாமென்று தோன்றிவிட்டது.

நிழல் போன வடக்குச் சரிவில் வெயில் நேராகத் தரைவரை இறங்கியது. வாத்தியாருடைய பெரணிகள், வேறெங்கும் இல்லாத அந்தப் பெரணியும், ஓரம் கருகத் தொடங்கின. அவர் அவற்றை மண்ணோடு பெயர்த்துக் கூடையில் வைத்து, தெற்குச் சரிவின் நிழலில் கொண்டுபோய் நட்டார். அதைப் பார்த்துவிட்டு ஆடு மேய்க்கிறவர்கள், வடக்கே மரத்தடியில் வெயில் தாங்காமல் வாடுகிற கன்றுகளைப் பிடுங்கி வந்து தெற்கே நட்டார்கள். நாங்குக் கன்றை நாங்கு நிழலிலும், ஈட்டிக் கன்றை ஈட்டி நிழலிலும் நட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கை அப்படித்தான் போயிற்று. கன்றுகள் நிழலின் மடியில் வளர்ந்தன. வருடம் போகப் போக, செருப்புக்குள் கால் நுழைகிற மாதிரி, ஒவ்வொரு மரமும் தனக்காக விரிந்து கிடந்த நிழலுக்குள் மெல்ல மெல்ல ஏறி நின்றது. நிழல் உனக்கு என்று சொன்னபோது, அதைச் சாஸ்தா யாருக்காக வாங்கி வைத்துக்கொண்டார் என்பது ஊருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊத்து மறுபடி பேசத் தொடங்கியது.

அதற்கெல்லாம் முன்பே, வெட்டு முடிந்து வந்த சித்திரையிலேயே, குங்கிலிய மரத்தின் சேறு உடைந்து இருவாச்சிப் பெட்டை வெளியே வந்துவிட்டது. உதிர்த்த சிறகுகள் புதிதாக முளைத்திருந்தன, பின்னால் ஒரு குஞ்சு. வெயிலில் மூன்றும் கிளையில் உட்கார்ந்திருந்தன. கிளைக்கு நிழலில்லை, பறவைகளுக்கு இருந்தது. தரையில் மூன்று நிழல்கள் எதையும் பற்றாமல் வரிசையாக உட்கார்ந்திருந்ததை வாத்தியாரும் மாடத்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வயதான பிறகு ஞானசிகாமணி ஒரு கல்யாணத்துக்காக அந்த ரயிலில் போனார். கரிசல் காட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லாத இடத்தில், வண்டி திடீரென்று குளிர்ந்தது. பெட்டியில் இருந்தவர்கள் வழக்கம்போலத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வெற்றிலைப் பெட்டி வைத்திருந்த ஒரு பெண், மஞ்சனூத்து நெழல் வந்துட்டு, இனி அரை மணியில ஊரு என்றாள். அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பாதையின் இரண்டு பக்கமும் ஒரு காடே தரையில் அசைந்துகொண்டிருந்தது, நாங்கு, ஈட்டி, மூங்கில், கூட்டோடு ஒரு கிளை, கடைசியில் குங்கிலியம். அதன் மூட்டில் மெலிந்த, தலையில் இன்னும் நிறைய முடியிருக்கிற ஓர் ஆளின் நிழல், இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது.

வண்டி அங்கே தண்ணீர் பிடிக்கக் கொஞ்சம் நிற்கும். இறங்கலாம், நாலு எட்டு வைத்தால் போய்விடலாம், காலை அதன்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். எதிரே இருந்த பெண் அவர் காலடியைப் பார்த்துவிட்டு, அது உங்களோடதா, இறங்கி எடுத்துக்கிடுங்களேன் என்றாள்.

"வேண்டாம்மா," என்றார் அவர். "அது கையை எடுத்துட்டா அங்க மலையில மரம் விழுந்துரும்."

வண்டி ஊதிக்கொண்டு நகர்ந்தது.